ஆமாம், இல்லை

கபில்தேவ் சிரித்துக்கொண்டே விளம்பரம் செய்த ராபிடெக்ஸ் புத்தகம் ஞாபகம் இருக்கிறதா? எங்கள் ஊரில் அதை வாங்காத வாலிபன் கிடையாது. அதில் இருபதாம் பாடத்தைத் தாண்டியவனும் கிடையாது. எல்லாம் நல்ல பாடம்தான். நாம் என்ன பேச வேண்டும் என்று அச்சடித்துக் கொடுத்தார்கள். எதிரில் நிற்கிறவன் அதற்கு என்ன பதில் சொல்லித் தொலைப்பான் என்பதைத்தான் எந்தப் புத்தகத்தாலும் அச்சடிக்க முடியவில்லை.

அந்தக் குறையை இப்போது எங்கள் தெருவில் ஒரு டீச்சர் தீர்த்துக்கொண்டிருக்கிறார். கும்பகோணம் பக்கம் இங்கிலீஷ் எடுத்து ரிடையர் ஆனவர். நடு ராத்திரி பன்னிரண்டரைக்கு அவர் வீட்டில் மட்டும் லைட் எரியும். 'வேர் டஸ் இட் ஹர்ட்?' என்று ஒரு குரல் கேட்கும். எதிர்வீட்டுத் தாத்தா முதலில் பயந்துபோய் விபூதி பூசிக்கொண்டார்.

கணக்கு சிம்பிள். அப்போது லண்டனில் ராத்திரி எட்டு மணி. (கோடையில் நமக்கும் அவர்களுக்கும் நாலரை மணி வித்தியாசம், குளிர்காலத்தில் ஐந்தரை. அதாவது மார்கழியில் டீச்சர் ஒன்றரை மணி வரை கொட்டக் கொட்ட விழித்திருக்க வேண்டும்.) மாணவிகள் சமைத்து, பாத்திரம் கழுவி, பிள்ளையைத் தூங்க வைத்து, போனை சர்க்கரை டப்பாமேல் சாய்த்துவிட்டு உட்காருவார்கள். வயது முப்பது, நாற்பது. பாபநாசம், பட்டுக்கோட்டை, வல்வெட்டித்துறை என்று கலவையான ஊர்கள். எல்லோருக்கும் அவர் 'டீச்சர்'தான்.

டீச்சருக்கு இன்னொரு வகை மாணவிகளும் உண்டு. இவர்கள் இன்னும் விமானம் ஏறாதவர்கள். கல்யாணம் ஆகியிருக்கும். மாப்பிள்ளை அங்கே, பெண் இங்கே. நடுவில் ஒரு பரீட்சை. 2010 நவம்பர் 29-ல் பிரிட்டன் ஒரு விதி கொண்டுவந்தது. கணவனோடோ மனைவியோடோ சேர்ந்து வாழ அங்கே வருகிறவர், வரும் முன்பே ஏ1 என்கிற ஆரம்ப நிலை இங்கிலீஷ் பேசிக் காட்ட வேண்டும். அமெரிக்கா, ஆஸ்திரேலியா பெண் என்றால் வேண்டாம். இங்கிலீஷில் பாடம் நடத்தும் பட்டம் வாங்கியிருந்தாலும் தப்பிக்கலாம். தமிழ் மீடியத்தில் ப்ளஸ் டூ முடித்த திருவையாறு பெண்ணுக்கு விலக்கு கிடையாது.

2015-ல் இதற்கென்றே 'லைஃப் ஸ்கில்ஸ்' என்று ஒரு ஐ.இ.எல்.டி.எஸ். பரீட்சை வந்தது. எழுத்து கிடையாது. எக்ஸாமினர் ஒருவர், முன்பின் தெரியாத இன்னொரு பரீட்சார்த்தி, மூன்று பேரும் உட்கார்ந்து பேச வேண்டும். 16-லிருந்து 18 நிமிடம். மார்க்கெல்லாம் இல்லை, பாஸ் அல்லது ஃபெயில். தாலி கட்டவே ஒன்றரை மணி நேர முகூர்த்தம் கொடுக்கிற ஊர் நம்முடையது. சேர்ந்து வாழ பதினெட்டே நிமிடம்!

'இது அநியாயம்' என்று இருவர் கோர்ட்டுக்கே போனார்கள். ஒருவரின் கணவர் பாகிஸ்தானில், இன்னொருவரின் கணவர் ஏமனில். 2015 நவம்பர் 18-ல் பிரிட்டன் சுப்ரீம் கோர்ட் விதியை ரத்து செய்ய மறுத்துவிட்டது. ஆனால் படிக்க வழியே இல்லாத இடத்தில் இருப்பவர்களிடம் இதைக் கறாராகப் பிடித்தால் அவர்களின் உரிமை பாதிக்கப்படலாம் என்றும் சொன்னது. பாதி இனிப்பு, பாதி காரம்.

என்னைக் கேட்டால், வந்த நாட்டின் மொழியைக் கற்றுக்கொள்ளச் சொல்வதில் தப்பில்லை. வருவதற்கு முன்பே கற்றுக்கொள் என்பதுதான் உதைக்கிறது. 1706-ல் நம் தரங்கம்பாடியில் கப்பல் விட்டு இறங்கினாரே சீகன்பால்க், ஜெர்மன்காரர், அவரிடம் யாராவது கடற்கரையில் 'ஏ1 பாஸா?' என்று கேட்டார்களா? திண்ணைப் பள்ளிக்கூட வாத்தியாரைப் பிடித்து, பிள்ளைகளோடு பிள்ளையாக உட்கார்ந்து, மணலில் விரலால் 'அ' எழுதினார். 1715-ல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சடித்தே விட்டார். ஆஸ்திரேலியா 1948-லிருந்து குடியேறிகளுக்கு அரசு செலவில் இங்கிலீஷ் சொல்லித் தருகிறது. ஆரம்பத்தில் கப்பலிலேயே க்ளாஸ். வகுப்புக்கு வர முடியாதவர்களுக்குத் தபாலிலும் ரேடியோவிலும் பாடம். டீச்சரின் சர்க்கரை டப்பா க்ளாஸுக்கு அதுதான் தாத்தா.

ஒரு நாள் டீச்சரிடம் கேட்டேன். "இங்கேயிருந்து எப்படி டீச்சர் சமாளிக்கிறீங்க? லண்டன்லயே ஆயிரம் பேர் சொல்லித் தர்றாங்களே?"

"அவங்களுக்கு இந்தப் பொண்ணு எங்க தப்பு பண்றாங்கறது தெரியும் தம்பி. ஏன் பண்றாங்கறது எனக்குத்தான் தெரியும்" என்றார்.

உதாரணமும் சொன்னார். நர்ஸ் கேட்கிறாள், 'உங்களுக்கு எந்த மருந்தும் அலர்ஜி இல்லையே?' என்று. நம்ம பெண் அழகாக 'யெஸ்' என்கிறாள். தமிழில் அது சரி. 'ஆமாம், இல்லை' என்றுதானே நாம் சொல்வோம்? கேட்டவர் சொன்னது உண்மையென்றால் 'ஆமாம்' போடுகிற ஜாதி நாம். இங்கிலீஷ்காரனுக்கு விஷயம் இல்லையென்றால் 'நோ'தான். அவன் காதில் 'யெஸ்' என்பது 'இருக்கிறது' என்றே விழும். பென்சிலின் ஒத்துக்கொள்ளும் பெண்ணுக்கு ஃபைலில் ஒத்துக்கொள்ளாது என்று ஏறிவிடும். தலைகீழாக நடந்தால் இன்னும் ஆபத்து. இந்த ஒரு சமாசாரத்துக்கே டீச்சர் ஒரு வாரம் எடுத்துக்கொள்கிறார். 'யூ ஆர் நாட் மேரீட்?' 'நோ.' 'யூ டோன்ட் ஈட் ரைஸ்?' 'யெஸ், ஐ ஈட்.' ராத்திரி ஒரு மணிக்குத் திரும்பத் திரும்ப இதைக் கேட்டால் தாத்தா விபூதி பூசாமல் என்ன செய்வார்?

இன்னொரு தந்திரம்: வாரத்தில் இரண்டு நாள் கேமராவை அணைத்துவிடச் சொல்கிறார். நேரில் பேசினால் கையைக் காட்டி, பல்லைக் காட்டி, தலையை ஆட்டிச் சமாளித்துவிடலாம். போனில் தலையாட்டினால் யாருக்குத் தெரியும்? அங்கே டாக்டர், ஸ்கூல், கேஸ் கம்பெனி எல்லாமே போனில்தான் ஆரம்பிக்கிறது. அதற்குப் பழக, முகம் தெரியாத க்ளாஸை விடச் சிறந்த இடம் கிடையாது.

ஈஸ்ட்ஹாமில் இருக்கும் பாபநாசத்துப் பெண் அப்படிப் பழகியவர்தான். ஏ1 முடிந்து, ஏ2-வும் முடிந்து, நிரந்தரமாகத் தங்குவதற்கு பி1 படித்துக்கொண்டிருக்கிறார். (2013-லிருந்து பி1. நடுவில் ஏ2 என்பது 2017-ல் சேர்த்தது.) ஆனால் அவர் டீச்சரிடம் வந்த காரணம் பரீட்சை இல்லை. டாக்டரிடம் போனால் புருஷன்தான் மொழிபெயர்ப்பு. ஹோட்டல் வேலைக்கு லீவு போட்டுவிட்டு வருவார், பாவம், நல்ல மனுஷன். ஆனால் இவர் நாலு வாக்கியம் சொன்னால் அவர் ஒரு வாக்கியம்தான் டாக்டரிடம் சொல்வார். "மீதி மூணு என்னாச்சுன்னே தெரியாது டீச்சர். சிலது அவர்கிட்ட சொல்லவே கூச்சமா இருக்கு" என்றாராம்.

போன மாதம் ஒரு நாள் பகல் பன்னிரண்டே முக்காலுக்கு டீச்சர் வீட்டில் இருந்தேன். போன் அடித்தது. லண்டனில் காலை எட்டேகால். அங்கே டாக்டர் அப்பாயின்ட்மென்ட்டுக்கு எட்டு மணிக்கெல்லாம் போனில் க்யூ. டீச்சர் ஸ்பீக்கரில் போட்டார்.

"டீச்சர், கிடைச்சிருச்சு! பத்தரைக்கு. நானே பேசினேன்."

"அலர்ஜி கேட்டாங்களா?"

"கேட்டாங்க. நோ சொன்னேன்."

"வீட்டுக்காரர் கூட வராரா?"

"நோ, டீச்சர்" என்றார் அந்தப் பெண். "அவர் தூங்கறார். எழுப்பலை."