பிரம்பின் பெருமை

கதிரை, மேசை, அலுமாரி ஆகிய சொற்கள் போர்த்துக்கேயர் நமக்கு விட்டுச் சென்றவை. மேனாட்டாரிடம் பெற்றதை அறிந்த நாம், கீழ்நாடுகள் அவர்களுக்குக் கொடுத்ததை நினைப்பதில்லை. இத்தாலியர் பிரம்பை ‘இந்திய நாணல்’ என்றே தம் மொழியில் வழங்குகின்றனர். ஆசியக் காடுகளில் மரம்பற்றி ஏறும் அக்கொடி, 17ஆம் நூற்றாண்டில் வணிகக் கப்பல்களில் ஐரோப்பாவுக்குச் சென்று, அங்குள்ளோர் கதிரைகளிற் பின்னலாயிற்று.

1945இல் போர் முடிந்தபோது இத்தாலி நொந்து கிடந்தது. எனினும் அதன் சிற்றூர்களிற் கைவினைஞர் இருந்தனர். கட்டடக் கலைஞர்கள் அவர்களைத் தேடிச் சென்றனர். 1889இல் தொடங்கிய பொனாசினா குடும்பத்துப் பிரம்புப் பட்டறைக்காகப் பிராங்கோ அல்பினி ‘மார்கரீட்டா’ என்னும் சாய்கதிரையை வகுத்தார். பிரம்பு மூங்கிலைப் போல உட்டுளை உடையதன்று. ஆதலால் நீராவியில் வாட்டினால் ஒடியாமல் வளையும். அவ்வியல்பையே அவர் அழகாக்கினார். 1951இல் மிலான் நகரக் கண்காட்சியில் அக்கதிரை பலரையும் கவர்ந்தது.

ஜியோ பொன்டி என்பவரோ, கியாவரி என்னும் கடற்கரையூரில் தச்சர்கள் வழிவழியாகச் செய்துவந்த மெல்லிய கதிரையையே ஆசானாகக் கொண்டார். 1957இல் வெளிவந்த அவரது ‘சுப்பர்லெஜ்ஜெரா’வின் எடை 1.7 கிலோகிராம் மாத்திரமே. அதன் இருக்கையும் பிரம்புப் பின்னலே. கற்றவர் தம்மூர்த் தச்சனைக் குருவாக மதித்தமையால் விளைந்த புகழ் இது.

இனி, மகாவலி கொட்டியாரக் குடாவிற் கலக்கும் நம் கரைக்கு வருவோம். உங்கள் வீட்டிலும் பாட்டனார் காலத்துப் பிரம்புச் சாய்மனைக் கட்டில் ஒன்று இருக்கலாம். பின்னல் அறுந்ததும் அதை விறகுக் கொட்டிலுக்கு அனுப்பிவிட்டுப் பிளாஸ்டிக் கதிரை வாங்குகிறோம். அறுந்தது பின்னல்தான்; சட்டம் அன்று. சட்டத்துத் துளைகள் அப்படியே இருக்கின்றன. நீரில் ஊறிய பிரம்பு நாரை அவற்றிற் கோத்துப் பின்னினால், உலர்ந்ததும் அது தானே இறுகிவிடும். பின்னுபவனை எவரும் அழையாவிடின், அவன் மகன் அத்தொழிலைக் கற்பானேன்? ஒரு தலைமுறை கைவிட்டால் அக்கலையை மீட்பது எளிதன்று.

மாணவர்களே, விடுமுறையில் அக்கட்டிலை வெளியே எடுத்து அளந்து, வரைந்து பாருங்கள். பின்னல் தெரிந்த முதியவரை அழைத்து, அவர் விரல்களைக் கவனியுங்கள். பொன்டி கற்ற பாடமும் அத்தகையதே அன்றோ?