கட்டியங்காரன் இல்லாத வகுப்பறை

தமிழ்த் திரைப்படத்தில் பள்ளிக்கூடம் வந்து போகாத ஆண்டு அநேகமாக இல்லை. ஆயினும் அந்தப் பள்ளிக்கூடத்தை இதுகாறும் யாருடைய கண்கொண்டு நாம் பார்த்து வந்திருக்கிறோம் என்ற வினாவை நம் விமர்சகர்கள் அவ்வளவாக எழுப்பியதில்லை. கதாநாயகன் யார், பாட்டு எப்படி, வசூல் எவ்வளவு என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. பலகையில் அமர்ந்திருக்கும் பிள்ளை அந்தப் படத்தைப் பார்த்து என்ன நினைத்தது என்பது கணக்கில் வருவதேயில்லை.

வந்த படங்களை மேலோட்டமாகப் பார்த்தாலே இரண்டு பெரும் வரிசைகள் புலப்படும். முதலாவது, திரும்பிப் பார்ப்போர் வரிசை. தங்கர் பச்சானின் 'அழகி' (2002), சேரனின் 'ஆட்டோகிராப்' (2004), மீண்டும் தங்கர் பச்சானின் 'பள்ளிக்கூடம்' (2007), பிரேம்குமாரின் '96' (2018). இவற்றுள் பள்ளி என்பது நடுவயது ஆணின் நெஞ்சில் தங்கிய ஒரு புகைப்படம். வாழ்க்கையில் ஓரளவு கரையேறியவன் திரும்பி வந்து, சுவரைத் தொட்டுப் பார்த்துக் கண் கலங்குகிறான். 'அழகி' நமக்கு நெருக்கமான படம். நடுநாட்டு மண்ணின் பேச்சும் வெயிலும் திரையில் அவ்வளவு இயல்பாக அதற்குமுன் வந்ததில்லை. தனலட்சுமியின் படிப்பு நின்றுபோவதையும் சண்முகத்தின் படிப்பு தொடர்வதையும் அப்படம் ஒளிக்காமல் காட்டுகிறது. ஆனாலும் நினைவுகூர்பவன் சண்முகம்தான். தனலட்சுமி அந்தப் பள்ளியை எப்படி நினைவுகூர்வாள் என்று கேட்டிருந்தால் அது வேறொரு படமாகியிருக்கும்.

இரண்டாவது, மீட்பர் வரிசை. 'நம்மவர்' (1994) கல்லூரியில் தொடங்கிவைத்ததை 'சாட்டை' (2012), 'ராட்சசி' (2019), 'வாத்தி' (2023) ஆகியவை பள்ளிக்குக் கொண்டு வந்தன. சீரழிந்த ஒரு பள்ளிக்கு ஓர் ஆசிரியர் வருகிறார். இடைவேளைக்குள் பகைவர்களைச் சம்பாதிக்கிறார். முடிவில் தேர்ச்சி விழுக்காடு உயர்கிறது. நல்ல நோக்கமுடைய படங்களே. அரசுப் பள்ளியைப் பற்றி நாலு பேர் பேசவாவது செய்தார்கள். ஆனால் மாணவன் இவற்றில் கூட்டம். கைதட்டவும் கண்ணீர் விடவும் வருகிற கூட்டம். இரசாயன ஆசிரியர் பணியிடம் ஏன் காலியாயிற்று, அதை யார் நிரப்ப வேண்டும் என்பன அங்கே எழா. ஒரு வீரர் வந்தால் போதும்.

இதனால் என்ன கெட்டுவிட்டது என்று நண்பர்கள் கேட்கலாம். திரைப்படம் பொழுதுபோக்குத்தானே!

கெட்டது மொழி என்பது நம் துணிபு. தமிழ் இலக்கியம் படிக்க முதலாமாண்டு வந்து சேரும் பிள்ளைகளை, கீழ்பென்னாத்தூர், சோமாசிபாடி, வேட்டவலம் பக்கத்திலிருந்து பேருந்தேறி வருபவர்களை, தம் பள்ளியைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தருமாறு ஆண்டுதோறும் கேட்பது நம் வழக்கம். முதன்முறை எழுதுவது பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். 'அந்த நாள்கள் இனி வாரா', 'கடைசி பெஞ்சு நண்பர்கள்', 'மறக்க முடியாத பிரிவு உபசார விழா'. பதினேழு வயதுப் பிள்ளை, மூன்று மாதத்துக்கு முன்புவரை உட்கார்ந்திருந்த வகுப்பறையை நாற்பது வயது ஆளின் ஏக்கத்தோடு எழுதுகிறது! தன் பள்ளியைத் திரையில் பார்த்துத்தான் அது அறிந்திருக்கிறது போலும்.

தாளைத் திருப்பிக் கொடுத்து, 'எந்தப் படத்திலும் வராத ஒன்றை மட்டும் எழுதுக' என்று சொல்லிப் பாருங்கள். முதலில் ஒரு திகைப்பு. பிறகு எழுத்து மாறும். மல்லாட்டை பிடுங்கும் வாரத்தில் வகுப்பு பாதி காலியாகும். வந்திருப்பவர்களின் நகக்கண்ணிலும் செம்மண் இருக்கும். தாயும் தகப்பனும் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போயிருக்க, ஆயாவோடு தங்கிப் படித்த பிள்ளை, முன்னேற்ற அறிக்கையில் யார் கையெழுத்து வாங்குவது என்று தெரியாமல் தானே போட்டுக்கொண்டது. அரையாண்டு வரை இயற்பியலுக்கு ஆளில்லாமல், வந்தவர் மூன்று மாதத்தில் முழுப் புத்தகத்தையும் ஓட்டினார். மாணவிகள் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமலிருந்தனர். காரணத்தை ஒருத்தி ஒரே வரியில் எழுதியிருந்தாள், கழிப்பறைக்குக் கதவில்லை. பத்தாம் வகுப்பில் பக்கத்தில் அமர்ந்திருந்தவள் பதினொன்றில் வரவில்லை, கலியாணமாகிவிட்டது. பிளஸ் டூ தேர்ச்சிப் பட்டியல் வெளியாகும்போது அடிவரிசையில் பலமுறை இடம்பெற்ற மாவட்டம் இது. அந்த வரிசைக்குக் கீழே கிடக்கும் கதைகள் இவை.

இவற்றைப் படிக்கும்போது, இந்தப் பிள்ளைகளுக்கு எழுத வராது என்று சொல்கிற சக ஆசிரியர்கள்மீது நமக்குச் சினமே வருகிறது. எழுத வருகிறது ஐயா. எழுதத் தக்கது இது என்று அவர்களிடம் யாரும் சொன்னதில்லை.

'சினிமாதான் பிள்ளைகளைக் கெடுக்கிறது' என்னும் பழைய பல்லவியை நாம் பாட வரவில்லை. 2006இல் அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தைத் தொடங்கியபோதும் இதே பல்லவி எழுந்தது. ஊராட்சி அலுவலகத்துத் தொலைக்காட்சியின் முன் நின்றுகொண்டு பார்த்தவர்கள் தம் வீட்டில் உட்கார்ந்து பார்த்தார்கள். அதில் இழிவு ஒன்றுமில்லை. அதே ஆண்டில்தான் விஜய் தொலைக்காட்சியில் 'கனா காணும் காலங்கள்' தொடங்கியது. வண்ணச் சுவரும் மடிப்புக் கலையாத சீருடையுமாக ஒரு பள்ளி. அதைப் பார்த்த கிராமத்துப் பிள்ளைக்குத் தன் பள்ளி உண்மையான பள்ளியின் ஒரு குறைப்பதிப்பு என்ற எண்ணம் தோன்றியிருந்தால் வியப்பில்லை. 2020இல் கொரோனாவால் பள்ளிகள் மூடப்பட்டபோது நிலைமை இன்னும் விசித்திரமாயிற்று. முந்தைய ஆண்டு தொடங்கப்பெற்ற கல்வித் தொலைக்காட்சி வகுப்பெடுத்தது, கைப்பேசி வகுப்பறையாயிற்று. பாடமும் பாட்டும் ஒரே கண்ணாடியில், விரலின் ஒரு தள்ளலில். வீட்டுக்கு ஒரு கைப்பேசி என்றால் அது அண்ணனிடம் இருக்கும். தங்கைக்குப் பாடமும் இல்லை, பாட்டும் இல்லை.

உண்மையான தீங்கு எங்கே என்று கேட்டால் நாங்குநேரியைச் சுட்டுவோம். 2023 ஆகஸ்டில் அங்கே பட்டியல் சாதியைச் சேர்ந்த ஒரு மாணவனை, உடன்படித்த மாணவர்களே வீடு புகுந்து வெட்டினர். அதையடுத்து அரசு அமைத்த நீதியரசர் சந்துரு ஒருநபர் குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. மாணவர் கையில் கட்டும் வண்ணக் கயிறுகளையும் மோதிரங்களையும் விலக்க வேண்டும், பள்ளிப் பெயர்களில் உள்ள சாதி அடையாளங்களை நீக்க வேண்டும் என்பன அதன் பரிந்துரைகளுள் சில. வரவேற்கத்தக்கவையே. ஆனால் கயிற்றைக் கழற்றச் சொல்வது எளிது. அரிவாளைத் தூக்கி நடக்கும் நாயகனின் மெதுவோட்டக் காட்சிக்குச் சாதிப் பெருமைப் பாட்டை ஒட்டி, முப்பது நொடித் துண்டாகக் கைப்பேசியில் சுற்றவிடும் பழக்கத்தை எந்த ஆணை கழற்றும்? தன்னைப் பற்றிப் பேசச் சொந்தமாக மொழியில்லாத பிள்ளைக்கு அந்த முப்பது நொடி ஒரு மொழியைக் கொடுக்கிறது. மிகக் கொடிய மொழி. ஆனால் ஆயத்தமாகக் கையில் கிடைக்கும் மொழி.

இவ்விடத்தில் நம் பகுதியின் இன்னொரு பொழுதுபோக்கை நினைக்காமலிருக்க முடியவில்லை. கீழ்பென்னாத்தூரிலிருந்து செஞ்சி வரையும், வடக்கே செய்யாறு வட்டத்துப் புரிசை வரையும் தெருக்கூத்தின் நாடு இது. செஞ்சியை அடுத்த மேலச்சேரித் திரௌபதியம்மன் கோயிலையே மூலக் கோயிலாகக் கொள்ளும் மரபு உண்டு. புரிசைக் கண்ணப்பத் தம்பிரானிடம் பயின்றுதான் ந. முத்துசாமியின் கூத்துப்பட்டறை தன் நடிப்பு மொழியைச் செழுமைப்படுத்திக்கொண்டது. பங்குனி பிறந்துவிட்டால் ஊர்களில் பாரதம் வைக்கத் தொடங்குவார்கள். பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து, நிறைவில் படுகளமும் தீமிதியும். பொதுத்தேர்வும் அதே பருவத்தில்தான் வந்து நிற்கும். பள்ளி நாட்காட்டியை வகுத்தவர்களுக்குப் பாரதக் கொட்டகை கண்ணில் படவில்லை. கர்ண மோட்சம் விடிய விடியப் பார்த்துவிட்டுக் கணிதத் தேர்வுக்குப் போனவர்கள் நம் தலைமுறையிலும் உண்டு, இப்போதும் உண்டு.

கூத்தில் நம்மைப் பெரிதும் கவர்பவன் கட்டியங்காரன். களரிக்கு முதலில் வருபவன். அரசன் திரைக்குப் பின்னிருந்து வெளிப்படும்போது 'நீர் யார், எந்த நாடு' என்று கேட்பவன். துரியோதனனின் ஏவலாளாக நின்றுகொண்டே அவனை நையாண்டி செய்பவன். ஊர்ப் பெரியதனக்காரரும் அன்றிரவு அவன் வாயில் அகப்பட்டுக்கொள்வார். கீழே நிற்பவன் மேலே இருப்பவனைப் பார்த்துச் சிரிக்கும் உரிமை அது. ஊரே அதற்கு இசைவு தந்திருக்கிறது.

திரைப்படத்துப் பள்ளியிலும் சிரிப்பு உண்டு. அங்கே சிரிப்புக்கு ஆளாகிறவர் யார்? தமிழாசிரியர். செந்தமிழ் பேசினால் சிரிப்பு, குடை பிடித்தால் சிரிப்பு. அப்புறம் தடித்த மாணவன், திக்கிப் பேசுகிறவன், கறுத்தவன், கடைசியாகக் காவலாளி. (தமிழாசிரியர் என்பதால் நாம் சலுகை கேட்பதாக எண்ண வேண்டா, எம் வகுப்பில் எம்மைப் போல் நடித்துக் காட்டுகிறவர்கள் உண்டு, நன்றாகவே நடிக்கிறார்கள்.) தாளாளரை, கட்டணம் வசூலிக்கும் நிருவாகத்தை, பத்துப் பேருக்கு ஒரே தேர்வை வைத்துவிட்டுத் தகுதி என்று பெயரிடும் முறைமையைப் பார்த்துச் சிரிக்கும் காட்சி எத்தனை? கட்டியங்காரனின் சிரிப்பு ஏறுமுகமானது. வகுப்பறை நகைச்சுவை பெரும்பாலும் இறங்குமுகம். அதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் தம்மினும் மெலியாரைத் தேடிச் சிரிக்கிறார்கள்.

விதிவிலக்குகளைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. பாண்டிராஜின் 'பசங்க' (2009) தேசிய விருதுகள் பெற்றது தகும். பிள்ளைகளை மையத்தில் நிறுத்தியது. ஆயினும் அந்தப் பிள்ளைகள் பெரியவர் படத்து நாயகனையும் வில்லனையும் போலவே நடந்து வருவது நமக்குச் சிறிது உறுத்தத்தான் செய்கிறது. மாரி செல்வராஜின் 'வாழை' (2024) இன்னும் நெருங்கி வருகிறது. அதில் பள்ளிச் சிறுவன் விடுமுறை நாளில் வாழைத்தார் சுமக்கிறான். அவன் ரஜினி ரசிகன், தோழன் கமல் ரசிகன். இருவரும் அதுபற்றி ஓயாமல் வழக்காடுகிறார்கள். பள்ளியும் கூலிவேலையும் சினிமாவும் ஒரே உடம்பில் எவ்வாறு சேர்ந்திருக்கின்றன என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டிய தமிழ்ப்படம் வேறொன்று நம் நினைவுக்கு வரவில்லை. அந்தப் பையனுக்கு ரஜினி கேடுமல்லன், மீட்பருமல்லன்; கழுத்து வலிக்கும்போது பேசிக்கொள்ள ஒரு பொருள்.

ஈரானின் அப்பாஸ் கியரோஸ்தமி 1989இல் 'வீட்டுப்பாடம்' என்று ஓர் ஆவணப்படம் எடுத்தார். டெஹ்ரான் பள்ளிச் சிறுவர்களை ஒவ்வொருவராகக் காமிராவின் முன் உட்காரவைத்துக் கேட்கிறார்: உனக்குக் கார்ட்டூன் பிடிக்குமா, வீட்டுப்பாடம் பிடிக்குமா? பிள்ளைகள் ஒருவர்பின் ஒருவராக வீட்டுப்பாடம் என்கிறார்கள். அந்தக் கண்களைப் பார்த்தால் விடை வேறென்று விளங்கிவிடும். பெரியவர் கேட்டால் பெரியவர் விரும்பும் விடையைத் தருவது உலகெங்கும் பிள்ளைகள் கற்ற முதற்பாடம். எம் முதலாமாண்டு மாணவர்களின் 'வாரா நாள்கள்' கட்டுரையும் அத்தகைய விடையே.

அதற்கு இருபதாண்டு முன்பே, 1967இல், இத்தாலியின் பார்பியானா என்னும் மலைக் கிராமத்தில் எட்டு மாணவர்கள் சேர்ந்து ஓர் ஆசிரியைக்கு நெடுங்கடிதம் எழுதிப் புத்தகமாக வெளியிட்டனர். தம்மைத் தேர்ச்சியடையாதபடி வடிகட்டிய பள்ளி யாருடைய பிள்ளைகளை வடிகட்டுகிறது என்பதைப் புள்ளிவிவரங்களோடு கேட்டார்கள். தமிழிலும் அது வந்திருக்கிறது. நம் ஆசிரியப் பயிற்சி நிறுவனங்களில் எத்தனை பேர் படித்திருப்பார்கள் என்று கேட்க அச்சமாக இருக்கிறது. 'வாழை' வரைக்கும் நம்மால் வர முடிந்திருக்கிறது. பார்பியானாக் கடிதம் போன்ற ஒன்றை நம் மாணவர்கள் எழுதவில்லை. எழுதினால் வெளியிட இடமும் இல்லை.

முற்றிலும் இல்லை என்றும் சொல்வதற்கில்லை. 2022 முதல் அரசுப் பள்ளிகளில் மாதந்தோறும் சிறார் திரைப்படம் திரையிடப்பட்டு, பார்த்தவர்கள் அதுபற்றிப் பேசவும் எழுதவும் ஏற்பாடு செய்யப்பட்டிருக்கிறது. பள்ளிக்கல்வித் துறை மாணவர்க்கென்று 'ஊஞ்சல்', 'தேன்சிட்டு' ஆகிய இதழ்களைக் கொண்டுவந்தது. நல்ல தொடக்கங்கள். அவற்றில் மாணவர் எழுத்தாக நாம் காண்பன மழை, மரம், தாய், தேசத்தலைவர். கதவில்லாத கழிப்பறையைப் பற்றிய ஒரு வரி அச்சேறும் நாள் வரை அவை துறையின் இதழ்களாகவே இருக்கும். ஆண்டு மலரில் தலைமையாசிரியர் படத்துக்குப் பின்னே ஒரு நான்கு பக்கமாவது தணிக்கையின்றி விடலாம் அல்லவா? ஆசிரியர்கள் இதனைச் செய்ய அரசாணை தேவையில்லை. முதல் ஆண்டு மனம் புண்படத்தான் செய்யும்.

இலக்கியச் சிற்றிதழ் நடத்தும் நண்பர்களையும் ஒன்று கேட்போம். பள்ளியைப் பற்றிய சிறப்பிதழ் என்றால் நாற்பது கடந்த எழுத்தாளர்களிடமே நினைவுக் கட்டுரை வாங்குகிறீர்கள். நாமும் எழுதியிருக்கிறோம். அடுத்த முறை அதில் பாதிப் பக்கத்தைப் பிளஸ் ஒன் படிக்கும் பெண்ணுக்குத் தாருங்கள். எழுத்துப் பிழையைத் திருத்துங்கள், கருத்தைத் தொடாதீர்கள்.

எம் இரண்டாமாண்டு வகுப்பில் ஒரு மாணவன் இருக்கிறான். தாத்தா வழியில் கூத்தாட்டக் குடும்பம். பருவம் தொடங்கினால் இரவெல்லாம் கட்டியங்காரன், பகலில் கடைசி வரிசையில் உறக்கம். போன பருவத்தில் ஓர் இரவு, தேர்வுக் கட்டணம் கட்ட வரிசையில் நிற்பதையும், சாளரத்துக்குப் பின்னிருக்கும் எழுத்தர் 'நாளை வா' என்பதையும் களரியில் நடித்துக்காட்டியிருக்கிறான். துரியோதனன் சபைக்குள் அந்தச் சாளரம் எப்படி வந்தது என்று யாரும் கேட்கவில்லையாம். கூட்டம் சிரித்து அடங்கவே நேரம் பிடித்ததாகக் கேள்வி. தேர்வெழுத 75 விழுக்காடு வருகை வேண்டும். அவனுக்கு 68 இருக்கிறது. கண்டொனேஷன் கட்டணத்துக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுத்திருக்கிறோம். காரணம் என்ற இடத்தில் 'உடல்நலக் குறைவு' என்று எழுதுவதே வழக்கம் என்றார் அலுவலகத்தில் ஒருவர். 'தெருக்கூத்து' என்றே எழுதியிருக்கிறோம். இன்னும் விடை வரவில்லை.