கனவுல ஓடாதீங்க... நின்னு திரும்பிப் பாருங்க!

நடுராத்திரி. திடீரென்று முழிப்பு வருகிறது. மேலே சுற்றும் ஃபேன் தெரிகிறது. பக்கத்தில் படுத்திருப்பவரின் குறட்டைகூடக் கேட்கிறது. ஆனால், கையைத் தூக்க முடியவில்லை. கூப்பிடலாம் என்றால் சத்தம் வரவில்லை. நெஞ்சு மேல் யாரோ ஏறி உட்கார்ந்திருக்கிற மாதிரி ஒரு கனம்!

காலையில் இதைச் சொன்னால், வீட்டுப் பெரியவர்களிடமிருந்து வரும் பதில் ஒன்றுதான். "அமுக்குவான் பேய் அமுக்கியிருக்கும். தலைமாட்டுல இரும்பு வெச்சுட்டுப் படு." கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் என்று கரிசல்காட்டு ஊர்களில் வளர்ந்தவர்களுக்கு இந்தப் பேயை அறிமுகம் செய்யவே தேவையில்லை.

மருத்துவர்கள் இதை 'ஸ்லீப் பராலிசிஸ்' என்கிறார்கள். கனவு அதிகம் வரும் தூக்கத்துக்கு 'ரெம்' தூக்கம் என்று பெயர். அந்த நேரத்தில் மூளை நம் கை, கால் தசைகளைத் தற்காலிகமாகக் கட்டிப்போட்டுவிடும். இல்லாவிட்டால் கனவில் ஓடுகிறவர் கட்டிலிலிருந்து குதித்து நிஜமாகவே ஓட ஆரம்பித்துவிடுவார். சில ராத்திரிகளில் நினைவு மட்டும் முந்திக்கொண்டு விழித்துவிடுகிறது. உடம்பின் கட்டு அவிழ்வதில்லை. கனவின் மிச்சமும் கண்முன் நிற்கிறது. அதுதான் அந்த அமுக்கும் ஆள். சில வினாடிகளிலோ, ஓரிரு நிமிடங்களிலோ தானாக விலகிவிடும்.

இதற்கு ஒரு சொந்தக்காரன் உண்டு. உடம்பு அசந்து தூங்குகிறது. கனவும் ஓடுகிறது. ஆனால் அந்தக் கனவுக்குள்ளேயே, 'அட, இது கனவுதானே!' என்று தெரிந்துவிடுகிறது. இதன் பெயர் 'லூசிட் ட்ரீம்', தமிழில் தெளிகனவு. இது ஏதோ சித்தர்களுக்கு மட்டும் வாய்க்கிற விஷயம் இல்லை. 50 வருட ஆய்வுகளைத் தொகுத்து 2016-ல் வெளியான ஓர் அலசல், பாதிக்கும் மேற்பட்டவர்கள் வாழ்நாளில் ஒருமுறையாவது இதை அனுபவித்திருக்கிறார்கள் என்கிறது.

தெரிந்துவிட்டால் அடுத்து என்ன? நினைத்த மாதிரி பறக்கலாமா? பயமுறுத்தும் கனவை நிறுத்தலாமா? இதைப் பழகிப் பார்த்தவர்களின் கதைகள் சுவாரஸ்யமானவை. பக்கத்து ஊரிலிருந்தே தொடங்கலாம்.

எட்டயபுரத்துக்காரரின் ரதம்

கோவில்பட்டியிலிருந்து பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் எட்டயபுரம். 1882-ல் பாரதியார் பிறந்த ஊர். தன் வாழ்க்கைக் கதையைப் பாட்டாக எழுதியபோது அவர் அதற்கு வைத்த தலைப்பே 'கனவு'தான்.

1910-ல் நூலாக வந்த அவரது 'ஞானரதம்' இன்னும் ஒரு படி மேலே. திருவல்லிக்கேணியில் ஒரு வீட்டு மாடியில் படுத்திருக்கும் ஒருவர், ஞானம் என்கிற ரதத்தில் ஏறி விரும்பிய உலகங்களுக்குப் போய்வருகிறார். கந்தர்வ லோகம், சத்திய லோகம், தர்ம லோகம் என்று பயணம் நீள்கிறது. கவலையே இல்லாத உபசாந்தி லோகத்தின் வாசல்வரை போகிறார். மனத்தை வெளியே விட்டால்தான் உள்ளே போக முடியும் என்கிற நிலை வர, அங்கிருந்து திரும்பிவிடுகிறார்.

இது விழித்திருக்கும்போது ஓட்டிய கற்பனை ரதம். தூக்கத்தில் வந்த தெளிகனவு அல்ல. ஆனாலும், கனவைப் பழகியவர்கள் பின்னால் சொன்ன ஒரு விஷயம் இதிலேயே இருக்கிறது. ரதத்தைக் கிளப்புவது நம் கையில். அது எல்லா வாசலுக்குள்ளும் போய்விடாது.

துரத்திய பூதமும் ஏழு நகங்களும்

பாரதிக்கு முந்தைய தலைமுறையில், பிரான்ஸில் ஒரு பையன் 13 வயதிலிருந்து தன் கனவுகளை நோட்டில் எழுதத் தொடங்கினான். பெயர், ஹெர்வே த சேன் தெனி. பிற்காலத்தில் சீன மொழிப் பேராசிரியர் ஆனவர். தினமும் எழுத எழுத, கனவுகள் கூடுதலாக ஞாபகத்தில் நின்றன. பிறகு, கனவுக்குள்ளேயே 'இது கனவு' என்று கண்டுபிடிக்கும் பழக்கம் வந்தது. 1867-ல் தன் பெயரைப் போடாமலே அவர் வெளியிட்ட புத்தகம், கனவுகளையும் அவற்றை வழிநடத்தும் முறைகளையும் பற்றியது.

அதில் ஓர் அனுபவம். அவரைத் திரும்பத் திரும்பத் துரத்திய ஒரு கெட்ட கனவு. அறை மாற்றி அறை ஓடுகிறார். பின்னால் கோரமான பூதங்கள். ஒவ்வொரு கதவையும் திறக்கத் திணறுகிறார். வியர்த்துப்போய் எழுந்திருப்பார். ஒருநாள் அதே கனவில் ஓடும்போது, 'இது அந்தக் கனவுதானே' என்று பொறி தட்டியது. ஓடுவதை நிறுத்தினார். சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு, முன்னால் வந்த பூதத்தை நேருக்கு நேர் பார்த்தார். அதன் விரல் நகங்களை எண்ணினார். ஏழு! பார்க்கப் பார்க்க அதன் மிரட்டல் குறைந்தது. மற்ற பூதங்கள் மறைந்துபோயின. அவரும் விழித்துக்கொண்டார்.

அவர் பூதத்தை வெட்டவில்லை. வானத்தில் பறந்து தப்பிக்கவும் இல்லை. ஓடாமல் நின்று பார்த்தார், அவ்வளவுதான். கனவை இயக்குவது என்றால் கனவையே மாற்றி எழுதுவது என்று நினைக்கிறோம். அவர் மாற்றியது, கனவில் தான் நடந்துகொள்ளும் விதத்தை.

டச்சு மனநல மருத்துவர் ஃப்ரெடரிக் வான் ஈடன் இன்னொரு கெட்டிக்காரர். 1898 முதல் 1912 வரை தனக்கு வந்த 352 தெளிகனவுகளைக் குறித்துவைத்து, 1913-ல் அவற்றைப் பற்றிக் கட்டுரை எழுதினார். 'லூசிட் ட்ரீம்' என்கிற பெயர் பரவியது அதிலிருந்துதான். ஒரு கனவில் கண்ணாடிக் கோப்பை ஒன்றை உடைக்கப் பார்த்தார். உடையவில்லை. கொஞ்சம் கழித்துத் திரும்பிப் பார்த்தால் உடைந்து கிடந்தது! நாடகத்தில் தன் முறை வந்ததை மறந்துவிட்டுத் தாமதமாக மேடையேறும் நடிகன் மாதிரி, கனவு உலகம் சற்றுப் பிந்தித்தான் பணிந்தது.

தூங்கிக்கொண்டே பதில் சொன்னவர்கள்

'இதெல்லாம் அவங்கவங்க சொல்றதுதானே, நம்பலாமா?' என்று கேட்பது நியாயம்தான். விஞ்ஞானிகளும் வெகுகாலம் நம்பவில்லை.

கனவின்போது உடம்பு கட்டுண்டு கிடந்தாலும், கண்கள் மட்டும் அசையும். அதுதான் வழி என்று பிடித்தார் இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்த கீத் ஹெர்ன். 'கனவு என்று தெரிந்ததும் கண்ணை இடமும் வலமுமாக ஆட்டுங்கள்' என்று ஆலன் வோர்ஸ்லி என்பவரிடம் சொல்லிவைத்தார். 1975 ஏப்ரல் 12 காலையில், கருவியில் அந்தச் சமிக்ஞை பதிவானது. தூங்குகிற ஒருவர் கனவுக்குள்ளிருந்து அனுப்பிய தந்தி அது! சில வருடங்களில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் ஸ்டீஃபன் லபெர்ஜ் தனியாக இதையே நிரூபித்தார்.

2021-ல் இன்னொரு பாய்ச்சல். அமெரிக்கா, பிரான்ஸ், ஜெர்மனி, நெதர்லாந்து ஆய்வுக்கூடங்கள் சேர்ந்து 36 பேரிடம் சோதனை செய்தன. கனவில் இருந்தவர்களிடம் கேள்வியே கேட்டார்கள். 'எட்டிலிருந்து ஆறு போனால் எவ்வளவு?' என்றதற்கு ஒருவர் கண்ணை இரண்டு முறை ஆட்டினார். 158 கேள்விகளில் சரியான பதில் வந்தது சுமார் 18 சதவிகிதத்துக்கு. பெரும்பாலான கேள்விகளுக்குப் பதிலே இல்லை. கனவின் கதவு திறக்கும், ஆனால் ஒருக்களித்துத்தான் திறக்கும்.

கோவில்பட்டி ஹாக்கிப் பிள்ளைகளுக்கு ஒரு கொசுறுத் தகவல். காசை எறிந்து கோப்பையில் விழவைக்கும் பயிற்சியைத் தெளிகனவில் செய்து பார்த்தவர்களுக்கு, காலையில் குறி கூடியிருந்ததாக 2010-ல் வெளிவந்த ஒரு சிறிய ஆய்வு சொல்கிறது. அதற்காக யாரும் கிரவுண்டுக்கு வராமல் இழுத்துப் போர்த்திக்கொள்ள வேண்டாம்!

எப்படிப் பழகுவது?

1. எழுதுங்கள். தலையணைக்குப் பக்கத்தில் ஒரு நோட்டும் பேனாவும் போதும். எழுந்ததும் போனைத் தொடாமல், ஞாபகம் இருக்கும் கனவை நாலு வரி எழுதுங்கள். இரண்டு வாரத்தில் உங்கள் கனவில் அடிக்கடி வருவது எது என்று தெரிந்துவிடும். பரீட்சை ஹாலா, தவறவிட்ட பஸ்ஸா, இறந்துபோன தாத்தாவா?

2. பகலில் சோதியுங்கள். ஒரு நாளில் சில முறை, 'இது கனவா?' என்று நிஜமாகவே யோசித்துக் கேளுங்கள். மூக்கைப் பிடித்துக்கொண்டு மூச்சு விட்டுப் பாருங்கள். கனவில் மூச்சு வரும். ஒரு பெயர்ப் பலகையை இரண்டு முறை படியுங்கள். கனவில் எழுத்து மாறிவிடும். பகலில் பழகியது ராத்திரியிலும் தானாக வரும்.

3. சொல்லிக்கொண்டு தூங்குங்கள். இது லபெர்ஜ் உருவாக்கிய முறை. விடியற்காலையில் இயல்பாக முழிப்பு வரும்போது, அதுவரை கண்ட கனவை நினைத்துப் பார்த்துவிட்டு, 'அடுத்து கனவு வந்தால், அது கனவு என்று ஞாபகம் வைத்துக்கொள்வேன்' என்று சொல்லிக்கொண்டே திரும்பத் தூங்குவது. ஆஸ்திரேலியாவில் நடந்த ஒரு சோதனையில், பகல் சோதனையோடு இதையும் சேர்த்துச் செய்தவர்களுக்கு ஒரு வாரத்தில் சுமார் 17 சதவிகித முயற்சிகள் பலித்தன. ஆறு ராத்திரிக்கு ஒன்று என்கிற கணக்கு.

முதல் முறை தெரிந்துவிட்டால், சந்தோஷத்தில் பலருக்குத் தூக்கமே கலைந்துவிடும். பதறாமல், கனவில் இருக்கும் சுவரையோ தரையையோ தொட்டுப் பார்த்தால் கனவு கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கும் என்பது பழகியவர்கள் சொல்லும் உத்தி.

கெட்ட கனவு விடாமல் வந்தால்...

தெளிகனவு எல்லோருக்கும் வாய்க்காது. ஆனால், கெட்ட கனவால் தவிப்பவர்களுக்கு விழித்திருக்கும்போதே செய்யக்கூடிய சுலபமான வழி ஒன்று உண்டு. அந்தக் கனவை எழுதுங்கள். பிறகு அதன் கதையை உங்கள் விருப்பப்படி மாற்றி எழுதுங்கள். துரத்தும் நாய் வாலாட்டலாம், பூட்டிய கதவு திறக்கலாம். மாற்றிய கதையை மட்டும் தினமும் 10, 15 நிமிடம் மனத்தில் ஓட்டிப் பாருங்கள். பாலியல் வன்முறைக்கு ஆளான 168 பெண்களிடம் அமெரிக்க மருத்துவர் பேரி கிராக்கோவ் குழு நடத்திய ஆய்வில், இந்தப் பயிற்சி எடுத்தவர்களுக்குக் கெட்ட கனவுகள் குறைந்தன, தூக்கமும் மேம்பட்டது. முடிவுகள் 2001-ல் வெளியாயின. குழந்தைகள் அலறி எழுந்தால், 'அடுத்த தடவை அது வந்தா நாம என்ன பண்ணலாம்?' என்று பகலில் உட்கார்ந்து அவர்களையே ஒரு முடிவு சொல்லவைக்கலாம்.

விபத்து, மரணம், வன்முறை போன்றவற்றைப் பார்த்தபின் வரும் கனவுகளுக்குத் தனியாகப் போராட வேண்டாம். மனநல மருத்துவரைப் பாருங்கள். 14416 என்ற அரசின் 'டெலி மனஸ்' எண்ணில் இலவசமாகப் பேசலாம். மனச்சிதைவு போன்ற சிக்கல் உள்ளவர்கள் தெளிகனவுப் பயிற்சியைத் தாங்களாக ஆரம்பிக்கவே கூடாது. நிஜம் எது, கனவு எது என்கிற குழப்பம் கூடிவிடலாம். 'கனவு வரவைக்கும் மாத்திரை' என்று விற்பதை வாங்கி விழுங்கவும் வேண்டாம்.

விடியற்காலைத் தூக்கம்

எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று உண்டு. கனவுத் தூக்கம் ராத்திரி முழுக்கச் சமமாக வருவதில்லை. கடைசி மூன்றில் ஒரு பங்கில்தான் கூடுதலாக வருகிறது. பத்து மணிக்குப் படுத்தால், மூன்று மணிக்கு மேல்தான் கனவுகளின் நேரம்.

அந்த நேரம் இந்த மண்ணில் ஒரு தலைமுறைக்குக் கிடைக்கவே இல்லை. சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி தீப்பெட்டி வட்டாரத்தில், விடிவதற்கு முன்பே கிராமங்களுக்கு வந்து பிள்ளைகளை ஏற்றிச் சென்ற ஆலை வண்டிகளைப் பற்றி 1983-ல் ஸ்மிது கோத்தாரி எழுதிய கட்டுரை நாட்டையே உலுக்கியது. சிவகாசிக் குழந்தைத் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 10-ல் தீர்ப்பளித்தது. அன்று தூக்கக் கலக்கத்தோடு வண்டியேறிய பிள்ளைகள் பலருக்கு இன்று 50 வயது. அவர்கள் இழந்தவற்றின் கணக்கில் படிப்பு இருக்கிறது, விளையாட்டு இருக்கிறது. விடியற்காலைக் கனவுகளை யாரும் எழுதிவைக்கவில்லை.

இன்று நம் வீட்டு வாசலில் எந்த வண்டியும் ஹாரன் அடிப்பதில்லை. ஒரு மணி வரை போனைப் பார்த்துவிட்டு, ஐந்து மணிக்கு அலாரம் வைத்து, அந்த நேரத்தை நாமே விட்டுக்கொடுக்கிறோம். தூக்கம் குறையவும் நேரம் மாறவும்தான் அமுக்குவானுக்குக் கொண்டாட்டம். மல்லாந்து படுத்தால் இன்னும் வசதி.

அடுத்த முறை அவன் வந்தால், கத்த முயற்சி செய்யாதீர்கள். 'இது கனவோட மிச்சம், இப்போ போயிடும்' என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டே, மெதுவாக மூச்சை விட்டு, கால் கட்டைவிரலை மட்டும் அசைக்கப் பாருங்கள். கட்டு அவிழ்ந்ததும் ஒருக்களித்துப் படுங்கள்.

தலைமாட்டில் பாட்டி வைத்த இரும்பு அப்படியே இருக்கட்டும். பக்கத்தில் ஒரு நோட்டையும் பேனாவையும் வைத்துவிட்டு, இன்றைக்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே லைட்டை அணையுங்கள்!