புரியாத தாளில் இடும் ஒப்பம்

திருப்பூரில் கடனின்றி ஒரு முழ நூலும் நகர்வதில்லை. பஞ்சு நூலாகி, நூல் துணியாகி, துணி பனியனாகிக் கப்பலேறும் வரையுள்ள ஒவ்வொரு படியும் பிறர் பணத்தின்மேல்தான் நடக்கின்றது. ஏற்றுமதியாளர் வைப்பகத்தில் வாங்குகின்றார். அவருக்குத் தைத்துக் கொடுக்கும் சிறுபட்டறைக்காரர் வட்டிக்கடையில் வாங்குகின்றார். அந்தப் பட்டறையில் பிசிர் வெட்டும் பெண் குழுக்கடன் வாங்குகின்றாள். சனிக்கிழமைக் கூலி கைக்கு வருமுன்பே அதில் ஒரு பங்கு இன்னொருவருடையதாகி விடுகின்றது. உழைத்துத் திருப்பித் தருவோம் என்னும் துணிவில் கடன் வாங்குவதில் இழிவொன்றும் இல்லை. வாங்கியவரின் வாயிலில் நின்று, அண்டைவீட்டார் செவிபடப் பழித்துப் பேசித் தண்டுகின்ற முறைதான் இழிவு.

கடனைக் கட்டாமற் போவோரெல்லாம் ஏய்ப்பவர் என்று பேசுவோர் திருப்பூரின் அண்மை வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்க்கட்டும். நொய்யலைக் கெடுத்த சாயப்பட்டறைகளை மூடுமாறு 2011 சனவரியில் சென்னை உயர்முறைமன்றம் கட்டளையிட்டது. ஆறு காக்கப்பட வேண்டியதே. எனினும் அன்று வேலையிழந்தவர் ஆற்றைக் கெடுக்க முடிவெடுத்தவரல்லர். 2020-இல் பெருந்தொற்று முடக்கம் வந்தது. 2025 ஆகத்து 27-இலிருந்து இந்தியப் பொருள்கள்மேல் அமெரிக்கா 50 விழுக்காடு வரி விதித்தது. ஒவ்வொரு முறையும் நின்றது வேலை. நில்லாமல் ஓடியது வட்டி.

இதில் இன்னுமொரு கொடுமை உண்டு. கடன்காரர் என்று துரத்தப்படும் சிறுபட்டறைக்காரருக்கே பிறர் தரவேண்டிய கூலி நிலுவையில் கிடக்கின்றது. செய்துகொடுத்த வேலைக்கு 45 நாள்களுக்குள் பணம் தரல் வேண்டும் என்றும், கடந்தால் வைப்பக வட்டியைப்போல் மும்மடங்கைத் திங்கள்தோறும் கூட்டுவட்டியாகச் சேர்த்துத் தரல் வேண்டும் என்றும், சிறுதொழில்களுக்கான 2006-ஆம் ஆண்டு நடுவணரசுச் சட்டம் கூறுகின்றது. பதிவு செய்துகொண்ட பட்டறைக்காரர் அதனைக் கேட்கலாம். கேட்டால் மறுமுறை வேலை வராது என்று அஞ்சி அவர் வாய் திறவார். அவருக்குக் கடன் கொடுத்தவர்க்கோ அத்தகைய அச்சம் எதுவுமில்லை.

சட்டம் இல்லாமையாலா இந்நிலை? இல்லை. நாள்வட்டி, மணிவட்டி, மீட்டர்வட்டி, கந்துவட்டி ஆகியவற்றைத் தடைசெய்து தமிழகச் சட்டமன்றம் 2003-இலேயே சட்டம் இயற்றியது. மூன்றாண்டுச் சிறையும் அதில் உண்டு. அச்சட்டம் நடப்பில் இருந்தபோதுதான், 2017 அக்தோபரில், நெல்லை மாவட்ட ஆட்சியர் அலுவலக வாயிலில் ஒரு கூலித்தொழிலாளியும் மனைவியும் இரு பெண்மக்களும் தீயில் கருகினர். 2025-இல் கடன் தண்டலில் வன்முறையைத் தடுக்கத் தனிச்சட்டம் ஒன்றும் வந்துள்ளது. அதிலும் மூன்றாண்டுச் சிறை, ஐந்து இலக்கம் உருபா வரை தண்டம். நெல்லையில் இல்லாதிருந்தது சட்டமன்று. அதை எடுத்து நீட்டும் கை.

வைப்பகங்களையும் நிதி நிறுவனங்களையும் கட்டுப்படுத்தும் ரிசர்வு வங்கியின் நெறிகளும் அவ்வாறே. 2022-இல் அது வகுத்த நெறிப்படி, தண்டல் முகவர் காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் கடனாளியை அழைத்தலாகாது. குழுக்கடன் போன்ற சிறுகடனாயின் காலை 9-க்கு முன்னும் மாலை 6-க்குப் பின்னும் ஆகாது. உற்றார் உறவினரைத் தொல்லைப்படுத்தலும், ஊரறிய மானக்கேடு செய்தலும் ஆகா. சிறுகடன் தவணையை முன்னரே குறித்த பொதுவிடத்தில்தான் பெறல் வேண்டும். கடனாளி தொடர்ந்து இருமுறையேனும் அங்கு வாராவிடில்தான் வீட்டுக்குச் செல்லலாம். கடன் முழுவதும் அடைந்தபின் 30 நாள்களுக்குள் வீட்டு ஆவணங்களைத் திருப்பித் தராவிடில், நாளொன்றுக்கு 5,000 உருபா கடனாளிக்குத் தரல் வேண்டும் என்பது 2023-இல் வகுத்த நெறி.

இவற்றுக்கெல்லாம் தலையாயது ஒன்றுண்டு. சிறுகடனின் ஒப்பந்தமும் கடன் அட்டையும் கடனாளிக்குப் புரியும் மொழியில் இருத்தல் வேண்டும். வட்டி, கட்டணம், தவணை அனைத்தையும் ஒரே தாளில் விளக்கும் குறிப்பும் அவருக்குப் புரியும் மொழியில் தரப்படல் வேண்டும் என 2024-இல் ஆணை பிறந்தது. திருப்பூரில் பிசிர் வெட்டும் பெண்ணுக்குப் புரியும் மொழி எது? இதற்கு ஆராய்ச்சி வேண்டுமா? இருந்தும் அவள்முன் நீட்டப்படும் தாள்கள் ஆங்கிலத்தில் வருமாயின், காட்டிய இடத்திலெல்லாம் அவள் ஒப்பமிடுவாள். எதற்கு ஒப்பினாள் என்பதை முகவர் வாய்மொழியால்தான் அறிவாள். தவறினால் என்ன ஆகும் என்பதையும் அவர் வாய்மொழியால்தான் அறிவாள். அச்சுறுத்துபவரே சட்டத்தின் விளக்கவுரையாளராகவும் ஆகிவிடுகின்றார். 'சிறைக்கு அனுப்பிவிடுவோம்' என்னும் சொல் அங்கேதான் வேலை செய்கின்றது. இயலாமையால் தவணை தவறுவது குற்றமன்று, உரிமை வழக்கே என்பதை அவளுக்குச் சொல்வார் யார்? வெற்றுக் காசோலையில் ஒப்பமிட்டுக் கொடுப்பது மட்டும் வேறு. அது திரும்பினால் குற்றவழக்காக மாறக்கூடும். அதனாலேயே அதை முதலில் கேட்கின்றனர்! கடனாளியின் மொழியில் எழுதுக என்று பணிக்கும் அந்நெறிகளே ஆங்கிலத்திலும் இந்தியிலும் வெளியிடப்படுவதையும் இவ்விடத்தில் எண்ணிப் பார்க்கலாம்.

'சிபில் இல்லை' என்னும் சொல்லும் இன்று ஒருவரை வாயிலோடு திருப்பி அனுப்பப் போதுமானதாக உள்ளது. சிபில் என்பது 2005-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குட்பட்டு மக்களின் கடன்வரலாற்றைத் தொகுக்கும் நான்கு நிறுவனங்களுள் ஒன்று. அத்தொகுப்பை ஆண்டுக்கு ஒருமுறை கட்டணமின்றிப் பெறும் உரிமை 2017-இலிருந்து ஒவ்வொருவருக்கும் உண்டு. அடைத்த கடன் நிலுவையென்று காட்டப்பட்டால் எழுதிக் கேட்டல் வேண்டும். 30 நாள்களுக்குள் முறையீட்டைத் தீர்க்காவிடில், பின் ஒவ்வொரு நாளுக்கும் 100 உருபா இழப்பீடு. பேரம்பேசிக் குறைத்துக் கட்டிய கடன் 'முழுதும் அடைந்தது' என்று எழுதப்படாமல் 'தீர்த்துக்கொள்ளப்பட்டது' என்று எழுதப்படும். இவ்விரு சொற்களின் வேற்றுமை அடுத்த கடனையே மறுக்கச் செய்யும். குறைத்துத் தருவதாக முகவர் இனிக்கப் பேசுகையில் இதனைச் சொல்வதில்லை.

ஆதலின் ஒப்பமிடுமுன் தமிழ்த்தாள் கேட்டல் வேண்டும். கட்டிய ஒவ்வொரு தவணைக்கும் பற்றுச்சீட்டுப் பெறல் வேண்டும். முறைகேடு நேர்ந்தால் முதலில் அந்நிறுவனத்துக்கே எழுதி, 30 நாள்களில் தக்க விடை வாராவிடில் ரிசர்வு வங்கியின் குறைதீர்ப்பாளர்க்கு எழுதலாம், அதற்குக் கட்டணமில்லை. 14448 என்னும் எண்ணிலும் வழி கேட்கலாம். மிரட்டலும் அடிதடியும் நேர்ந்தால் 30 நாள் காத்திருக்கத் தேவையில்லை; நேரே காவல்நிலையம் செல்லலாம். தனியொருத்தி இவற்றைச் செய்தல் அரிது. போனசுக்கும் கூலி உயர்வுக்கும் பேசும் திருப்பூர்த் தொழிற்சங்கங்கள், வாயிற்கூட்டங்களில் இதையும் பேசினால் பத்துப்பேர் சேர்ந்து சென்று கேட்பர்.

தமிழக அரசுக்கும் இதில் ஒரு வேலை உண்டு. வைப்பகங்கள் தில்லியின் பிடியில் இருக்கலாம். வட்டிக்கடைக்காரருக்கு 1957-ஆம் ஆண்டுச் சட்டப்படி உரிமம் தருவதோ தமிழக அரசுதான். 1956-இலேயே தமிழை ஆட்சிமொழியாக்கிய அரசு, கடன்சீட்டும் பற்றுச்சீட்டும் தமிழில் இல்லாத கடைக்கு உரிமம் புதுப்பிக்கப்படாது என்று ஓர் ஆணை இடட்டும்.