வைகை கரை தாண்டவே இல்லை... அப்புறம் செல்லூர் வீடுகளுக்குள் வெள்ளம் எப்படி வந்தது?

2024 அக்டோபர் 25. மதுரையில் ஒரே நாளில் கிட்டத்தட்ட 10 செ.மீ. மழை. செல்லூர் சுற்றுவட்டாரத்தில் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. ‘ஆத்துல வெள்ளமா?’ என்றுதான் வெளியூர்க்காரர்கள் கேட்டார்கள். இல்லை. அது ஆற்றிலிருந்து வந்த தண்ணீர் இல்லை, ஆற்றுக்குப் போக வழி கிடைக்காத தண்ணீர்.

மேப்பை ஒருமுறை பாருங்கள். வடக்கே அழகர்மலை, கிழக்கே யானைமலை, மேற்கே நாகமலை. நடுவில் வைகை. வடகரையில் பெய்யும் மழை ஒரு கண்மாயை நிரப்பி, மறுகால் பாய்ந்து, அடுத்த கண்மாய்க்குப் போய், கடைசியில் வைகையில் சேரும். செல்லூர் கண்மாயின் உபரி நீருக்கு பந்தல்குடி கால்வாய்தான் வழி. அதில் மண்ணும் குப்பையும் சாக்கடையும் சேர்ந்தால், தண்ணீர் தெருவைத்தான் பிடிக்கும்.

2025 மே மாதம் முதல்வர் ஸ்டாலின் மதுரை வந்தபோது இதே கால்வாயைத் துணி கட்டி மறைத்தது பெரிய சர்ச்சையானது. பிறகு அவரே இறங்கி வந்து பார்வையிட்டார். துணி மறைக்கும், தண்ணீர் மறைக்காது!

சரி, கண்மாய்கள் எங்கே? உயர் நீதிமன்றக் கிளை இருப்பது உலகநேரி கண்மாய்ப் பகுதியில். மாநகராட்சி அலுவலகம் தல்லாகுளத்தில். தண்ணீர் போனாலும் பெயர் போகவில்லை. தென்கரையில் கிருதுமால் நதியை ‘நதி’ என்று சொன்னால் இன்றைய பசங்க சிரிப்பார்கள். பலருக்கு அது சாக்கடை.

இன்னொரு பக்கம், வருஷத்தில் பல மாதம் வைகை வெறும் மணல்தான். 1959-ல் திறந்த வைகை அணை மேலே இருக்கிறது. அழகர் இறங்கவே அங்கிருந்து தண்ணீர் விட வேண்டியிருக்கிறது. குடிநீருக்கோ, 100 கி.மீ-க்கும் மேல் தள்ளி இருக்கும் லோயர் கேம்பிலிருந்து குழாய்.

செல்லூருக்கு தனி சிமென்ட் கால்வாய் கட்ட அரசு முன்வந்தது நல்ல விஷயம்தான். ஆனால் மறுபடி தூர்ந்துபோனால் அதுவும் இன்னொரு பந்தல்குடி ஆகிவிடும்.

வடக்கு மதுரையில் ப்ளாட் பார்க்கிறீர்களா? புரோக்கர் காட்டும் லேஅவுட்டோடு நிறுத்தாமல், பழைய கிராம வரைபடத்தையும் வாங்கிப் பாருங்கள். பக்கத்தில் வாய்க்கால் கோடு இருந்தால், அது இப்போது எங்கே என்று கேளுங்கள்.