பாருக்கு வரும் மீன் யாருக்கு?

அளவெட்டியின் செம்மண் தோட்டக்காரர் வழிவழியாக அறிந்த உண்மையொன்று உண்டு. கிணற்றை ஆழப்படுத்துவதால் நீர் பிறப்பதில்லை. சுண்ணக்கற் பாறையுள் மழை சேமித்த நன்னீரே அங்கு ஊறிக் கூடுகின்றது. அளவின்றி இறைத்தால் அக்கிணறே உவர்க்கும். கடலுக்குள் செயற்கைப் பார் அமைப்போர் முதலிற் கற்கவேண்டிய பாடமும் இதுவே.

2021 ஜூனில், மீன்வளம் பெருக்கவென்று நெடுந்தீவுக் கடலிற் பழைய பஸ் வண்டிகள் தாழ்க்கப்பட்டன. தம் வலைகள் சிதையுமெனத் தமிழக மீனவர் கண்டித்தனர். அந்த ஆரவாரத்தில் அடிப்படை வினா அமிழ்ந்துபோயிற்று: பாருக்கு வரும் மீன் யாருக்கு?

அமெரிக்காவின் அலபாமாவில் இவ்வினாவுக்கு விடை தெளிவாயிருந்தது. பொழுதுபோக்குத் தூண்டிலாளரை ஏற்றிச்செல்லும் படகுக்காரர் கேட்க, 1953இல் 250 மோட்டார் வண்டிக் கூடுகள் கடலில் இடப்பட்டன. ஆயின் தேவை மட்டும் திட்டமாகிவிடாது. 1970களிற் புளோரிடாவில், தூண்டில் விளையாட்டுக்குரிய மீன்களைக் கவரவும் எண்ணி ஏறத்தாழ 20 இலட்சம் டயர்கள் தாழ்க்கப்பட்டன. கட்டுகள் அறுந்தன, டயர்கள் உருண்டு அருகிருந்த இயற்கைப் பவளத்தையே சிதைத்தன.

"மீன் கூடுகின்றதே, வேறென்ன வேண்டும்?" என்பர் சிலர். கூடுதல் வேறு; பெருகுதல் வேறு. சிதறித் திரியும் மீன் ஓரிடத்திற் கூடினால் அதனை வழித்தெடுப்பதும் எளிதாகும். குஞ்சுகள் ஒதுங்கி வளர இடமும், பிடிப்புக்கு வரம்பும் இல்லையேல் பார் வளமன்று, பொறியே.

பஸ் வண்டி இழுவைமடியைத் தடுக்குமே என்பது இன்னொரு வாதம். இழுவைமடித் தொழிலை இலங்கைச் சட்டம் 2017இலேயே தடைசெய்துவிட்டது. சட்டம் காக்கவேண்டிய கடலைத் துருப்பிடிக்கும் தகரம் காக்குமென நம்புவது கடமையைக் கைவிடுவதாகும்.

நாளை சுற்றுலாவின் பெயரால் தூண்டில் விளையாட்டுக்கும் இங்கு பார் கேட்கப்படலாம். அப்போதும் வினா மாறாது. அடித்தளம் எத்தகையது, நீரோட்டம் எப்படி, எத்தனை படகுகள், எவ்வகைக் கருவிகள், காவல் யாருடையது என்பவற்றைக் கடற்றொழிலாளர் சங்கங்களோடு இருந்து முடிவுசெய்த பின்னரே ஒரு கல்லேனும் தாழ்க்கப்படல் வேண்டும். கடலால் வயிறு வளர்ப்பவனுக்குப் பங்கு வகுத்த பின்னரே பொழுதுபோக்குவோனுக்குப் பங்கு.

துலா மிதித்து இறைத்த காலத்தில் மனிதனின் களைப்பே கிணற்றுக்கு வரம்பாயிருந்தது. இயந்திரம் வந்தபின் வரம்பை அறிவு வகுக்கவேண்டியதாயிற்று. கடலுக்கும் அக்காலம் வந்துவிட்டது.