பெட்டியின் அழகும் தராசின் தீர்ப்பும்

அமெரிக்காவிலிருந்து வந்த பிள்ளை, வெல்வெட் பெட்டியில் உள்ளங்கையை நிறைக்கும் வெள்ளி வட்டம் ஒன்றைக் கொண்டுவந்து, "அபூர்வ நாணயம், அம்மா! பின்னால் நல்ல விலை போகும்" என்று உங்களிடம் கொடுத்திருக்கிறானா? பத்திரமாகப் பூட்டி வைத்திருப்பீர்கள். ஓர் அவசரத்துக்கு விற்கப் போகும்போது முழிக்காமலிருக்க, இப்போதே சில விஷயங்களைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, அது நாணயமே அல்ல. அமெரிக்க அரசாங்கம் 1986 முதல் வெளியிடும் வெள்ளிக் கழுகு நாணயத்தின் எடை ஒரு டிராய் அவுன்ஸ், அதாவது 31.1 கிராம்தான். மதிப்பு ஒரு டாலர் என்று அதில் பொறித்திருக்கும். அதே சித்திரத்தைப் பெரிதாக்கி, 8 அவுன்ஸ், 12 அவுன்ஸ் எடையில் தனியார் அச்சடித்து விற்றவை வெறும் வெள்ளிக் கட்டிகளே.

இரண்டாவது, எழுத்தைப் படியுங்கள். '.999 ஃபைன் ஸில்வர்' என்றும் எடையும் இருந்தால் நல்ல அடையாளம். 'ஸில்வர் க்ளாட்', 'ஸில்வர் லேயர்ட்' என்றால் முலாம்! 'காப்பி' என்றிருந்தால் பயப்படாதீர்கள். நாணயப் போலிகளில் அப்படிப் பொறிக்க வேண்டும் என்பது 1973-ஆம் வருஷத்து அமெரிக்கச் சட்டம். நகல் என்றுதான் அதற்கு அர்த்தம். உலோகத்தைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை.

மூன்றாவது, எடை. வெள்ளிக்கு ஒரு பவுண்டு என்றால் 12 டிராய் அவுன்ஸ், 373 கிராம். மளிகைக் கடைப் பவுண்டான 454 கிராம் என்று எண்ணி ஏமாறாதீர்கள்.

இனி ஒரு சமையலறைப் பரீட்சை. எலெக்ட்ரானிக் தராசில் அகலமான பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, எண்ணைப் பூஜ்யமாக்குங்கள். வட்டத்தை நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் படாமல் முழுக்க முக்குங்கள். 373 கிராம் வெள்ளியானால் தராசு சுமார் 35.6 காட்டும். உள்ளே செம்பானால் 41-க்கு மேல் போகும். ஈயம் கலந்த பித்தலாட்டத்துக்கு இது போதாது. நகைக்கடையில் எக்ஸ்-ரே கருவியில் வைத்துப் பார்த்துவிடுவது உத்தமம்.

விலை? எடையை அன்றைய சுத்த வெள்ளி விலையால் பெருக்கி, கடைக்காரருக்குக் கொஞ்சம் கழியுங்கள். பெட்டிக்கும் அத்தாட்சிப் பத்திரத்துக்கும் பெரும்பாலும் அதிகம் கிடைக்காது. பிள்ளை கொடுத்த விலை திரும்பி வராவிட்டாலும், வெள்ளியின் விலை உங்களுடையது. அதற்குக் குறைத்துக் கேட்டால் பெட்டியை மூடிக்கொண்டு எழுந்து வாருங்கள்.

ஒன்று மட்டும்: குத்துவிளக்கைப் போல விபூதி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். கண்ணாடிப் பளபளப்பு போனால் போனதுதான்!